அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்

காட்பாடி காந்தி நகரில் அமர்ந்து வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் ஒரே ஒரு வீட்டை, அல்லது தாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப் போர்ஷனை மட்டும் வாடகைக்கு விட்டிருப்பவர்கள். ராணிப்பேட்டை பெல் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் சத்துவாச்சாரியில் மாடி எழுப்பியவர், ஆம்பூர் தோல் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து சேர்த்ததைக் கொண்டு பாகாயத்தில் மனை வாங்கிக் கட்டியவர், கணவரின் இறப்புக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியமும் கீழ்வீட்டு வாடகையும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் ஆகிய இவர்களைத்தான் சிறிய வீட்டு உரிமையாளர்கள் என்று இங்கே குறிப்பிடுகிறேன். தெருவில் இவர்களை ‘ஹவுஸ் ஓனர்’ என்று மரியாதையாக அழைத்தாலும், பத்து வீடு வைத்திருப்பவருக்கு ஒரு வீட்டில் வாடகை நின்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறையும், இவர்களுக்கு வாடகை வருமானம் முழுவதுமே நின்றுவிடும் என்ற வேறுபாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இவர்களுக்குப் பிரச்சினைக்குரிய வாடகைதாரரால் ஏற்படும் இழப்பைப் பல ஆண்டுகளாகக் கணக்குப் புத்தகத்தின் வழியாகப் பார்த்துவருவதில் எனக்கு ஏற்பட்ட கருத்து ஒன்று உண்டு. வாடகை வராமல் போவது இழப்பின் தொடக்கம் மட்டுமே. அதைப் பெரிதாக்குவது, பாதுகாப்பு என்று நம்பி வாங்கி வைத்த அட்வான்ஸ் தொகைதான்.

எங்கள் ஊரில் ஐந்து மாதம் முதல் பத்து மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்பது வழக்கம். கையில் அவ்வளவு தொகை இருக்கிறது என்ற தைரியத்தில், வாடகை நின்ற முதல் மாதத்தில் உரிமையாளர் பேசாமல் இருந்துவிடுகிறார். இரண்டாம் மாதம் கேட்டால், “கொஞ்சம் கஷ்டம் சார், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று பதில் வருகிறது. அது நியாயமாகவே ஒலிப்பதால் அவரும் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒரு வாக்கியத்தோடு வாடகைதாரர் உரிமையாளரின் கையிலிருந்த ஒரே பிடியைத் தளர்த்திவிடுகிறார். மேலும், கழிப்பதற்கான அந்தப் பணம் பெரும்பாலும் பணமாக எங்கும் இருப்பதில்லை. வீடு கட்டும்போது மீந்த கடனுக்கோ, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, முன்பு காலி செய்துகொண்டு போனவருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கோ அது வந்த வாரத்திலேயே போய்விட்டது. ஆகவே நோட்டில் வாடகை வரவு என்று எழுதப்படும் அந்த மாதங்களில் வீட்டுக்கடன் தவணை தேதிக்கு வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் வந்து சேர்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மனையும் கட்டுமானமும் சேர்த்து 35 லட்சம் மதிப்புள்ள வீடு, மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 1,08,000 ரூபாய் என்றால், போட்ட முதலுக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. சொத்து வரி, மோட்டார் பழுது, சுண்ணாம்பு ஆகியவை இன்னும் கழிக்கப்படவில்லை. வாடகை நிற்கிறது. ஆறரை மாதம் கடந்ததும் அட்வான்ஸ் தீர்ந்துபோகிறது. அதன் பிறகுதான் உரிமையாளர் வழக்கறிஞரைப் பார்க்கிறார். அறிவிப்பு, மனு, வாய்தா என்று மேலும் பத்து மாதம் போய் வீடு கைக்கு வருவதாகக் கொண்டால், ஈடுகட்ட முடியாத வாடகை மட்டும் 90,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டணம் 25,000, விட்டுச் சென்ற மின்கட்டணம் 6,000, உடைந்த கதவும் குழாயும் வண்ணப்பூச்சும் சேர்த்து 40,000, அடுத்தவர் வரும்வரை ஒரு மாதம் காலியாகக் கிடந்ததில் 9,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 9,000. மொத்தம் 1,79,000 ரூபாய் ஆகிறது. ஏறக்குறைய இருபது மாத வாடகை இது. இதே உரிமையாளர் இரண்டாம் மாத முடிவிலேயே அறிவிப்பு அனுப்பியிருந்து, வழக்குக்கு அதே பத்து மாதம் ஆகியிருந்தாலும், வராத வாடகை பன்னிரண்டு மாதத்துக்கு 1,08,000 ரூபாய், அதில் அட்வான்ஸ் போக நிற்பது 48,000 ரூபாய்தான். ஆறரை மாதம் வரை பொறுத்திருந்ததன் விலை 42,000 ரூபாய். அட்வான்ஸ் கையில் இருக்கிறது என்ற நினைப்பு இல்லாதிருந்தால் அந்தப் பொறுமையும் வந்திருக்காது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் அட்வான்ஸ் எனும் முன்வைப்புத் தொகை மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கிகளைக் கழித்துக்கொண்டு அதைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அது வகுத்திருக்கிறது. இரண்டு மாத வாடகை நிலுவையானால் வெளியேற்றக் கோரலாம். அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் பாக்கியைச் செலுத்திவிட்டால் வெளியேற்றத்திலிருந்து தப்பும் சலுகையை ஒருமுறை பெறலாம். சட்டம் தானாகவே இரண்டு மாதம் என்று கோடு போட்டு வைத்திருக்கும்போது, நம் மக்கள் பத்து மாத அட்வான்ஸைக் கோடாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

எழுத்தில் ஒப்பந்தமே செய்துகொள்ளாதவர்களின் நிலை இன்னும் விநோதமானது. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டம் வைத்திருப்பதால், அதைக் காட்டி வீட்டை மீட்கலாம். ஆனால் வாடகை 9,000 என்று இவரும் 6,000 என்று அவரும் சொல்லும்போது, ரொக்கமாக வாங்கி ரசீது கொடுக்காத உரிமையாளரால் பாக்கி எவ்வளவு என்பதை மெய்ப்பிப்பது கடினம். வீடு திரும்பி வரும், பணம் வராது. பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கக் கண்டுபிடிக்கப்பட்ட வழி அந்தப் பதினொரு மாதம். புதிய சட்டத்தில் காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அந்தத் தந்திரத்துக்கு இப்போது பொருளில்லை.

வேலூருக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். பாபுராவ் தெரு, காந்தி ரோடு பகுதிகளில் லாட்ஜுகள் நிரம்பியதும் தோட்டப்பாளையம், கொசப்பேட்டை வரையிலும் நாள் வாடகைக்கு அறை தேடுகிறார்கள். இதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஒருவர், “நானும் மனைவியும் மட்டும்தான்” என்று சொல்லி ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுக்கிறார். சில வாரங்களில் கூடத்தில் தடுப்பு எழுகிறது, ஆளுக்கொரு கட்டில், காஸ் அடுப்பு என்று வீடு நாள் வாடகை விடுதியாகிவிடுகிறது. உரிமையாளர் வேறு தெருவில், அல்லது சென்னையில் மகன் வீட்டில் இருந்தால் அவருக்கு இது தெரியவே தெரியாது. வாடகை தவறாமல் வருவதால் சந்தேகமும் எழாது. வாடகை ஒழுங்காகத் தருகிறவர் பிரச்சினைக்குரியவர் அல்லர் என்ற எண்ணம் பொய்க்கும் இடம் இது.

உள்வாடகையின் பணச்சுமை உரிமையாளரின் மேல் பல வழிகளில் இறங்குகிறது. வீட்டு மின்இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. அதற்குரிய கட்டண வீதத்தைப் போல் இரு மடங்காக மதிப்பிடப்படும். எப்போதிருந்து நடந்தது என்று கண்டறிய முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கிடலாம். குடியிருந்தவர் கட்டாமல் போய்விட்டால் நிலுவை அந்த இணைப்பின் மேல் நிற்கும். இணைப்போ உரிமையாளரின் பெயரில் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் அடுத்த குடித்தனத்துக்கு விளக்கு எரியாது. மாநகராட்சிச் சொத்து வரியும் குடியிருப்பு, வணிகம் என்ற பயன்பாட்டைப் பொறுத்து மாறுவது. தங்குபவர் வெளிநாட்டவராக இருந்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டிய கடமை இடம் கொடுத்தவருக்கு உண்டு. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு உள்வாடகைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், விசாரணைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது வீடு யாருடையது என்பதைத்தான். எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவது வெளியேற்றத்துக்கான காரணம் என்று சட்டம் தெளிவாகச் சொன்னாலும், அது நடந்ததை எடுத்துக்காட்ட வேண்டியவர் உரிமையாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்புடன் வீட்டைப் போய்ப் பார்க்கலாம் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், பெரும்பாலான உள்வாடகைகள் தொடங்கும்போதே வெளிப்பட்டுவிடும். நம் ஊரில் குடியிருப்பவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று கருதுகிறோம். அந்த நாகரிகத்தை நான் மதிக்கிறேன், ஆனாலும் எழுதிக் கையெழுத்திட்ட நிபந்தனையின்படி சொல்லிவிட்டுப் போவதில் அவமரியாதை எதுவும் இல்லை.

சிகிச்சைக்கு வந்து நேரடியாக வாடகைக்கு எடுத்தவர்களின் நிலை வேறு. மருத்துவச் செலவு எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்காகி, கையிலிருந்தது தீர்ந்து, வாடகை நின்றுபோன குடும்பத்தைப் பிரச்சினைக்குரிய வாடகைதாரர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சில உரிமையாளர்கள் பாக்கியை விட்டுவிட்டு ரயிலுக்குப் பணமும் கொடுத்து அனுப்பியதை அறிவேன். ஆனால் அதுவும் உரிமையாளரின் கணக்கில் இழப்புதான். ஒரே வகையான வாடகைதாரரை நம்பியிருப்பதன் ஆபத்தை 2020 ஊரடங்கு ஒருமுறை காட்டியது. நோயாளிகளும் வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே சமயத்தில் ஊர் திரும்ப, அறைகள் வரிசையாகக் காலியாயின. வங்கிகள் அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திப்போட அனுமதித்தன, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறி விசா குறைந்தபோது, அந்த நாட்டு நோயாளிகளையே எதிர்பார்த்துக் கட்டில் போட்டவர்கள் மீண்டும் அதையே அனுபவித்தார்கள்.

மாணவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் எழுதினால், அவர் படிப்பை முடித்துப் போனபின் எஞ்சிய மூவரும் சட்டத்தின் கண்ணில் யார் என்ற கேள்வி எழும். நால்வரின் கையெழுத்தையும் பெற்றோர் ஒருவரின் கையெழுத்தையும் வாங்குவது போதுமானது.

போக்கியம் என்ற லீஸ் முறைக்கு வருகிறேன். ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு வாடகையின்றிக் குடியிருக்கும் இந்த ஏற்பாட்டில் வாடகை பாக்கி என்ற பேச்சே இல்லை என்பதால் உரிமையாளர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் மாத வாடகையில் ஒரு நன்மை உண்டு. குடியிருப்பவரின் நிலை தடுமாறினால் அது ஐந்தாம் தேதியே தெரிந்துவிடும். போக்கியத்தில் மூன்று ஆண்டு எந்த அறிகுறியும் தெரியாது. மின்கட்டணப் பாக்கி, தண்ணீர் வரி, சேதம் எல்லாம் முடிவில் ஒருசேரத் தெரியவரும். அப்போது ஐந்து லட்சத்தையும் எண்ணி வைக்காமல் “காலி செய்யுங்கள்” என்று சொல்ல முடியாது. அந்தத் தொகையைக் கட்டுமானத்தில் போட்டுவிட்டவர் புதிய போக்கியக்காரரைத் தேடிப் பிடித்தால்தான் பழையவரை அனுப்ப முடியும், பழையவர் வீட்டைக் காட்ட மறுத்தால் புதியவர் வரமாட்டார். இந்த முடிச்சில் சிக்கி வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவர்களின் கணக்கை எழுதியிருக்கிறேன். அவர்கள் கட்டிய வட்டி, மூன்று ஆண்டில் மிச்சமானதாக நினைத்த தொல்லையின் மதிப்பைத் தாண்டிவிட்டது.

பொறுமை தீர்ந்ததும் உரிமையாளர்கள் செய்யும் காரியமும் இழப்பைக் கூட்டுகிறது. மோட்டார் சுவிட்சை நிறுத்துவது, மின் பியூஸைப் பிடுங்குவது, வெளியே போன சமயம் பார்த்து வேறு பூட்டுப் போடுவது ஆகியவை தெருவில் வீரமாகப் பேசப்படுகின்றன. எத்தனை மாத பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத சேவைகளை நிறுத்தக் கூடாது என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாடகை தராதவர் அன்று மாலையே புகாரோடு காவல் நிலையத்துக்குப் போகிறார், பணம் கேட்க வேண்டியவர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். பகுதியில் செல்வாக்குள்ள ஒருவரை வைத்துப் பேசி முடிப்பதிலும் செலவு குறைவதில்லை. பேசி முடித்தவருக்குக் கொடுத்த தொகைக்கு ரசீது கிடையாது, அடுத்த முறை அவர் கேட்கும் உதவிக்கு மறுப்பும் சொல்ல முடியாது.

என் தொழிலை ஒட்டி ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. வீட்டு வாடகைக்கான வரி, வந்த வாடகையை மட்டும் பார்த்து விதிக்கப்படுவதில்லை, வர வேண்டிய வாடகையும் கணக்கில் வருகிறது. வராத வாடகையை வருமானத்திலிருந்து விலக்க வேண்டுமானால், குடியிருத்தல் உண்மையானதாக இருக்க வேண்டும், பாக்கிக்காரர் காலி செய்திருக்க வேண்டும் அல்லது அவரைக் காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், அவர் உரிமையாளரின் வேறொரு வீட்டில் குடியிருக்கக் கூடாது, பாக்கியை வசூலிக்கச் சட்ட நடவடிக்கைக்கான முயற்சிகளை உரிமையாளர் செய்திருக்க வேண்டும் அல்லது அதனால் பயனில்லை என்று அதிகாரி ஏற்கும்படி காட்ட வேண்டும். அறிவிப்பே அனுப்பாமல் பத்து மாதம் பொறுத்திருந்தவரால் இதில் எதைக் காட்ட முடியும்? அதேபோல, கட்டிய சொத்து வரி போக எஞ்சும் மதிப்பில் 30 சதவீதம் நிலையான கழிவாகக் கிடைக்கிறது. பழுதுக்கும் வண்ணப்பூச்சுக்கும் வழக்கறிஞருக்கும் எவ்வளவு செலவழித்திருந்தாலும் அதற்கென்று தனிக் கழிவு இல்லை. 40,000 ரூபாய்க்குக் கதவும் குழாயும் மாற்றிய ரசீதுகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசை மேல் வைப்பவர்களிடம் இதைச் சொல்வதுதான் என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

வாடகைதாரரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடு பார்க்க வருபவரிடம் சைவமா, எந்த ஊர், என்ன ஆட்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்கும் உரிமையாளர்கள், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்பதில்லை. சம்பளச் சீட்டைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள், சாதியைக் கேட்பதற்குக் கூச்சப்படுவதில்லை. சமையலறையில் என்ன வேகிறது என்பதற்கும் ஐந்தாம் தேதி வாடகை வருவதற்கும் எந்தத் தொடர்பும் இருந்ததாக என் கணக்குப் புத்தகங்களில் நான் காணவில்லை.

வாடகைதாரர்கள் தரப்பிலும் நியாயமான மனக்குறை உண்டு. வண்ணப்பூச்சு என்ற பெயரில் அட்வான்ஸில் ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வதும், மீதியை “அடுத்த குடித்தனம் வரட்டும்” என்று இழுத்தடிப்பதும் இங்கே சாதாரணம். அட்வான்ஸ் திரும்பி வராது என்று அஞ்சுபவர் கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்தி, தன் பணத்தைத் தானே கழித்துக்கொள்கிறார். ஆக, நேர்மையான குடித்தனக்காரரையும் பாக்கிக்காரராக மாற்றும் வேலையை இந்தப் பெருந்தொகை அட்வான்ஸ் முறை செய்கிறது.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கீழ்வீட்டுப் பாக்கிக்காரரிடம் ஓராண்டுக்கு மேல் அல்லாடி மீண்ட பிறகு, மூன்று மாத அட்வான்ஸ் மட்டும் வாங்குகிறார். அதையும் தபால் நிலையத்தில் தனிக் கணக்காகப் போட்டு வைக்கிறார். வாடகை வங்கிக் கணக்கு வழியாக மட்டுமே வர வேண்டும், மின்கட்டண ரசீதை இரு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், ஒரு மாதம் தவறினால் எழுத்தில் நினைவூட்டல், இரண்டாம் மாதம் முடிந்ததும் வழக்கறிஞர் அறிவிப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிப் பதிவும் செய்துவிட்டார். “இவ்வளவு கண்டிப்பா எழுதினா யாரும் வர மாட்டாங்கம்மா” என்று புரோக்கர் சொன்னாராம். அட்வான்ஸ் குறைவு என்பதால் வந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலை அக்காவுக்கு இருந்தது.

புதிதாக வருபவர்களிடம் இதைச் செய்வது எளிது. பதினைந்து ஆண்டுகளாக மாடியில் குடியிருந்து, நல்லது கெட்டதுக்கு வந்து நின்று, ‘அண்ணா’ என்றே அழைத்துப் பழகிவிட்ட குடும்பத்திடம் போய் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யலாம் என்று சொன்னால், காலி செய்யச் சொல்வதற்கான முதல் படி என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, இப்போது தரும் வாடகையையே எழுதுங்கள், பழைய அட்வான்ஸ் தொகையைக் குறிப்பிடுங்கள், பதிவுச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அட்வான்ஸ் உங்களிடம் இருப்பதற்கு அவர்களுக்கு இதுவரை எந்த ஆதாரமும் இல்லை என்பதை முதலில் எடுத்துச் சொல்லுங்கள் என்பதுதான்.